மெர்க்கிள் பாதையை சர்வரிடம் கேட்டால் ரகசியம் போய்விடுகிறதே, நிஜ சிஸ்டங்கள் நோடுகளோடு எப்படிப் பேசுகின்றன?

பெருங்குடி_பையன் | சனி, இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூன்று பேர் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத் தேர்தலுக்கு ஒரு சின்ன ஆப் செய்துகொண்டிருக்கிறோம். மொத்தம் 312 வீடு. போன வருடம் கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள், அதில் வந்த மனஸ்தாபத்தில் இன்றைக்கும் சிலர் லிஃப்ட்டில் பார்த்தால் பேசிக்கொள்வதில்லை. அதனால்தான் ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் (ரகசியத்தைக் காட்டாமலேயே அது தெரியும் என்று நிரூபிக்கும் முறை) வைத்துச் செய்யலாம் என்று இறங்கினோம்.

அமைப்பு இதுதான். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் போனில் ஒரு ரகசிய எண்ணை உருவாக்கி, அதன் ஹாஷை (ரகசியத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத, கைரேகை மாதிரியான ஒரு எண்) மட்டும் எங்களிடம் தருவார். அந்த 312 ஹாஷும் ஒரு மெர்க்கிள் மரத்தின் இலைகள். இரண்டிரண்டாகச் சேர்த்து மறுபடி ஹாஷ் செய்துகொண்டே போனால் உச்சியில் வரும் ஒரே எண்தான் ரூட். ஒரு இலையிலிருந்து ரூட் வரை போகத் தேவைப்படும் பக்கத்து ஹாஷ்களின் வரிசைதான் பாதை. மரத்தின் ரூட் எத்தீரியம் பிளாக்செயினின் சோதனை நெட்வொர்க்கான செபோலியாவில் ஒரு காண்ட்ராக்ட்டில் (செயினில் ஓடும் நிரல்) இருக்கிறது. அந்தச் செயினை ஓட்டும் கணினிகள்தான் நோடுகள். ஓட்டுப் போடும்போது, "இந்த மரத்தில் இருக்கும் ஏதோ ஒரு இலைக்கு உரிய ரகசியம் எனக்குத் தெரியும்" என்று பிரௌசரிலேயே க்ரோத்16 என்ற வகை ப்ரூஃப் தயாராகும். கூடவே ஒரு நல்லிஃபையர் வரும், அதாவது ரகசியத்தையும் தேர்தல் எண்ணையும் சேர்த்து எடுத்த ஹாஷ். அதே ஆள் இரண்டாவது தடவை போட்டால் அதே எண் வந்து நிற்கும், காண்ட்ராக்ட் தள்ளிவிடும்.

எல்லாம் வேலை செய்தது. இன்று சாயங்காலம் டெஸ்ட் பண்ணும்போது சர்வர் லாகைப் பார்த்தேன். அதில் இப்படி இரண்டு வரி:

7:42:10 பாதை கேட்கப்பட்டது, இலை 147
7:42:31 ப்ரூஃப் வந்தது, ஓட்டு 2

இரண்டுக்கும் ஒரே ஐபி. 147 என்பது சி பிளாக்கில் இருக்கும் என் அத்தை வீடு. அவர் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மனசு ரொம்ப சங்கடமாக இருக்கிறது. ப்ரூஃப்பை நான்கு தடவை சரிபார்த்தேன், சர்க்யூட்டில் (எதை நிரூபிக்க வேண்டும் என்று எழுதிய சமன்பாடுகள்) எந்தத் தப்பும் இல்லை. அப்புறம் இது எதற்கு ஜீரோ நாலெட்ஜ்? நிஜத்தில் ஓடும் சிஸ்டங்கள் நோடுகளிடம் டேட்டா வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இதை எப்படிச் சமாளிக்கின்றன?

தரமணி_கணக்கு | சனி, இரவு 10:02

தம்பி, சர்க்யூட்டில் தப்பு இருக்காது. நீங்கள் நம்பிக்கை வைத்த இடம்தான் தப்பு.

கோல்ட்வாசர், மிக்காலி, ராக்கஃப் மூன்று பேரும் 1985-ல் கொடுத்த வரையறையில் இரண்டே ஆட்கள்தான்: நிரூபிப்பவர், சரிபார்ப்பவர். கூற்று உண்மை என்பதைத் தவிர வேறு எதுவும் சரிபார்ப்பவருக்குப் போய்ச் சேரக்கூடாது, அவ்வளவுதான். நிரூபிப்பவர் கையில் விட்னஸ் (நிரூபிக்கத் தேவையான ரகசியத் தகவல்) ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வரையறையே தொடங்குகிறது. அது எங்கிருந்து, யாரிடம் கேட்டு வந்தது என்பது அதற்குள் வராது. உங்கள் சர்க்யூட்டில் விட்னஸ் என்ன? ரகசிய எண், அப்புறம் அந்த இலையிலிருந்து ரூட் வரைக்கும் உள்ள பாதை. அந்தப் பாதையை நீங்கள் சரிபார்க்கும் பக்கத்து ஆளிடமே போய்க் கேட்டு வாங்குகிறீர்கள். விட்னஸில் பாதியை அவர் கையாலேயே எழுதி வாங்கிய பிறகு அவரிடம் மறைக்க என்ன மிச்சம் இருக்கிறது?

உங்கள் அளவுக்கு வழி சுலபம். 312 இலை, ஒவ்வொன்றும் 32 பைட். பெருக்கிப் பாருங்கள், 9,984 பைட். பத்து கேபி கூட இல்லை, குடும்ப வாட்ஸப் குரூப்பில் வரும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரியது. முழு இலைப் பட்டியலையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்பிவிடுங்கள். பிரௌசரே மரத்தைக் கட்டி, தன் பாதையைத் தானே எடுத்துக்கொள்ளட்டும். 9 மட்டம்தான், நொடிக்குள் முடியும். எல்லாரும் ஒன்றையே கேட்கும்போது சர்வரால் யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது.

பெருங்குடி_பையன் | சனி, இரவு 10:20

மேடம், நாங்கள் பாதையை மட்டும் கேட்டதே 288 பைட்டில் முடியட்டும் என்றுதான். மிச்சம் பிடித்த இடத்தில்தான் ரகசியம் போயிருக்கிறது. நாளைக்கே மாற்றுகிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். சரிபார்ப்பவர் ஒருவர் என்றீர்கள். காண்ட்ராக்ட் என்றால் உலகத்தில் இருக்கும் எல்லா நோடும் சரிபார்க்கிறதே?

தரமணி_கணக்கு | சனி, இரவு 10:51

ஆமாம். 1985-ல் சொன்னது உரையாடல் வகை. சரிபார்ப்பவர் கேள்வி போடுவார், நிரூபிப்பவர் பதில் சொல்வார், திரும்பத் திரும்ப. ஆயிரக்கணக்கான நோடுகள் ஒவ்வொன்றும் உங்கள் போனைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கேள்வி கேட்டால் காரியம் நடக்காது, இன்றைக்கு இருக்கும் நோடு நாளைக்கு இருக்கவும் இருக்காது. 1986-ல் ஃபியட், ஷமீர் இரண்டு பேரும் ஒரு வழி சொன்னார்கள்: கேள்வியை சரிபார்ப்பவர் போட வேண்டாம், அதுவரை எழுதியதையெல்லாம் ஹாஷ் செய்தால் வருவதுதான் கேள்வி. ஹாஷ் என்ன வரும் என்று நிரூபிப்பவருக்கு முன்கூட்டித் தெரியாது என்பதால் ஏமாற்ற முடியாது. இதில் பொது உள்ளீடுகளையும் (ப்ரூஃப்போடு எல்லாருக்கும் தெரியும்படி போகும் எண்கள்) சேர்த்து ஹாஷ் செய்ய வேண்டும், அதை விட்டுவிட்டு பொய் ப்ரூஃப் கட்டும்படி ஓட்டை வைத்த லைப்ரரிகள் உண்டு. 2022-ல் அப்படிப் பல லைப்ரரிகளில் வரிசையாகக் கண்டுபிடித்தார்கள்.

க்ரோத்16 இந்த வகையில் சேராது. அதில் கேள்விக்கு உரிய ரகசியப் புள்ளி ட்ரஸ்டட் செட்டப் என்ற தொடக்க ஏற்பாட்டின் சமயத்திலேயே விசைகளுக்குள் போய்விடும். ஆனால் நோடுகளுக்குக் கிடைக்கும் பலன் ஒன்றுதான், எல்லா நோடும் ஒரே பைட்களைத் தன்னந்தனியாகச் சரிபார்க்கலாம். நீங்கள் அனுப்பும் ப்ரூஃப் மூன்றே புள்ளிகள்: ஜி1 என்ற புள்ளித் தொகுதியில் இரண்டு, ஜி2 என்ற தொகுதியில் ஒன்று. பிஎன்254 என்ற எலிப்டிக் வளைவில் 64, 64, 128, மொத்தம் 256 பைட். எத்தீரியம் நோடு அதில் பெயரிங் என்ற கணக்கை நான்கு தடவை செய்யும். 2019 டிசம்பர் இஸ்தான்புல் மாற்றத்துக்குப் பிறகு உள்ள விலையில் 34,000-ஐ நான்கால் பெருக்கி 45,000 கூட்டினால் 1,81,000 கேஸ் (செயினில் செய்யும் வேலைக்கு எத்தீரியம் வைத்திருக்கும் கட்டண அலகு). பொது உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஆறாயிரத்துச் சொச்சம். உங்களுக்கு ரூட், நல்லிஃபையர், ஓட்டு என்று மூன்று இருக்கும் என்று நினைக்கிறேன், ஆக இரண்டு லட்சம் பக்கம் வரும். சர்க்யூட் எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. எனக்கு இந்த விஷயத்தில் இன்றைக்கும் தீராத பிரமிப்பு.

மயிலை_மாடவீதி | ஞாயிறு, காலை 7:05

நான் கிரிப்டோக்ராஃபி ஆள் இல்லை, ஆனால் பையன் சொன்ன லாக் கதை எனக்கு ரொம்பப் பழக்கமான கதை.

என் அப்பா பத்திர எழுத்தர். வில்லங்கம் எல்லாம் ஆன்லைனில் வருவதற்கு முந்தைய காலம். ஒருவர் நிலம் வாங்குவதற்கு முன்னால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். சான்றிதழில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் வாசலில் நிற்கும் தரகருக்கு அது தேவையே இல்லை. இன்னார் இந்த சர்வே நம்பருக்கு மனு கொடுத்தார் என்பது காதில் விழுந்தால் போதும், சாயங்காலத்துக்குள் பக்கத்து மனைக்காரர் விலையை ஏற்றியிருப்பார். கடைசியில் அப்பா தன் ஆட்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார்: ஒரு நம்பருக்குப் போடாதே, சுற்றி இருக்கும் பத்து நம்பருக்கும் சேர்த்துப் போடு, செலவு ஆனால் ஆகட்டும். மேடம் சொன்ன "முழுப் பட்டியலையும் அனுப்பு" என்பதற்கு அது தம்பி மாதிரி.

ஒரு கேள்வி. எச்டிடிபிஎஸ் இருக்கிறதே, அது இதை மறைக்காதா?

நங்கநல்லூர்_நோடு | ஞாயிறு, காலை 8:30

மயிலை சார், எச்டிடிபிஎஸ் நடுவில் இருப்பவரிடமிருந்துதான் மறைக்கும். மனுவை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாலும் கவுண்ட்டரில் இருப்பவர் பிரித்துத்தானே ஆக வேண்டும்? விபிஎன்னும் அதே மாதிரிதான். பார்ப்பவர் மாறுவார், பார்வை அப்படியே இருக்கும்.

"முழுசாக அனுப்பு" என்பது 312 இலைக்குச் சரி. கோடிக்கணக்கில் இருந்தால்? இதற்கு நான் பார்த்ததிலேயே ஒழுங்காக யோசித்தது, பரிவர்த்தனையை மறைக்கும் கிரிப்டோ காசான ஜீகேஷின் லைட் வாலட்தான் (முழுச் செயினையும் இறக்காமல் போனில் ஓடும் ஆப்). நான் வீட்டில் அதன் நோடு ஓட்டுகிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாப்ளிங் என்ற மேம்படுத்தல் 2018 அக்டோபரில் வந்தது. அதில் மறைத்து அனுப்பும் ஒவ்வொரு வரவுப் பதிவும் 948 பைட். அதில் 580 பைட் பூட்டிய உள்ளடக்கம், 192 பைட் ப்ரூஃப், மிச்சம் கமிட்மென்ட் (உள்ளடக்கத்தைக் காட்டாமல் அதற்குக் கட்டுப்பட்ட ஒரு எண்), சாவி இத்யாதி. இதில் எந்தப் பதிவு உங்களுக்கு வந்தது என்று வெளியே எழுதியிருக்காது. ஆகவே உங்கள் போன் ஒவ்வொன்றையும் தன் சாவியால் திறக்க முயன்று பார்க்க வேண்டும். சர்வரிடம் "எனக்கு வந்ததை மட்டும் கொடு" என்று கேட்டால் உங்கள் அத்தை கதைதான். எல்லாவற்றையும் முழுசாக இறக்கினால் டேட்டா பேக் தீர்ந்துவிடும். அதனால் சர்வர் ஒவ்வொரு பதிவிலிருந்தும் 116 பைட்டை மட்டும் வெட்டி எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிறது: கமிட்மென்ட் 32, தற்காலிகச் சாவி 32, பூட்டிய உள்ளடக்கத்தில் முதல் 52 பைட். அந்த 52-ல் தொகை இருக்கிறது, பெறுபவர் முகவரியின் ஒரு பகுதி இருக்கிறது, காசைத் திரும்பச் செலவழிக்க என்னென்ன வேண்டுமோ அது இருக்கிறது. பின்னால் 512 பைட் நீளத்துக்கு ஒரு குறிப்பு எழுத இடம் உண்டு, அது வராது, சரிபார்க்கும் டேகும் வராது. டேக் இல்லாமல் சரியாகத் திறந்ததா என்று எப்படித் தெரியும் என்றால், திறந்ததை வைத்து கமிட்மென்ட்டை மறுபடி கணக்கிட்டு, கொடுத்ததோடு பொருந்துகிறதா என்று போனே பார்த்துக்கொள்ளும். எட்டில் ஒரு பங்கு டேட்டாவில் வேலை முடிந்துவிடுகிறது, யாரும் எதையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. இதை முதலில் படித்தபோது எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது.

ஆனால் அங்கேயும் ஒரு ஓட்டை. காசு வந்தது தெரிந்ததும் குறிப்பையும் படிக்க ஆசை வரும். அதற்கு அந்த ஒரு டிரான்ஸாக்ஷனை முழுசாகக் கொடு என்று சர்வரிடம் கேட்க வேண்டும். கேட்ட அந்த நொடியில் சர்வருக்கு அது உங்களுடையது என்று தெரிந்துவிடும். அவ்வளவு பாடுபட்டு மறைத்தது ஒரே கேள்வியில் போய்விடுகிறது. ஐபியை மறைக்கும் டோர் நெட்வொர்க் வழியாகக் கேட்கலாம், வேறு நாலைந்து டிரான்ஸாக்ஷனையும் சேர்த்துக் கேட்டுக் குழப்பலாம், இல்லை என்னைப் போலச் சொந்த நோடு வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுப்பதிலும் சிரமம் உண்டு. 2022 ஜூன் முதல் யாரோ வரவுப் பதிவுகளைக் கொத்துக் கொத்தாகப் போட்டு நெட்வொர்க்கை நிரப்பியபோது வாலட்கள் சிங்க் ஆக முடியாமல் திணறின, ஏனென்றால் ஒவ்வொரு போனும் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாக வேண்டும்.

ஆடிட்_அம்பத்தூர் | ஞாயிறு, காலை 10:12

சொந்த நோடு வைத்தாலும் நிம்மதி கிடையாது நங்கநல்லூர் அண்ணா. ட்ரேமர், போனே, பேட்டர்சன் மூன்று பேரும் எழுதிய பேப்பர் 2020 யூசெனிக்ஸ் செக்யூரிட்டி மாநாட்டில் வந்தது. ஜீகேஷ், அதே மாதிரி மறைக்கும் இன்னொரு காசான மொனேரோ இரண்டையும் எடுத்துக்கொண்டு, ப்ரூஃப்பைத் தொடவே இல்லாமல் நோடு பதில் சொல்லும் நேரத்தை மட்டும் அளந்தார்கள். வாலட்டும் நோடும் ஒரே ப்ராசஸில் ஓடும்போது, தனக்கு வந்த காசாக இருந்தால் அதைத் திறந்து பதிவு செய்ய நோடுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு பிங் அனுப்பினால் பதில் கொஞ்சம் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதத்தை வைத்தே காசு பெற்றவரின் நோடு எது என்று சொல்லிவிடலாம். ப்ரூஃப் தயாரிக்க எடுக்கும் நேரத்தை வைத்து, தொகையைப் பற்றிக்கூட ஓரளவு ஊகிக்க முடிந்தது. பேப்பர் வெளிவருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் என் வேலையில் இது எனக்கு ஒரு பாடம். ஆடிட்டுக்கு யார் கோட் கொடுத்தாலும் சர்க்யூட் ஃபைலுக்கு முன்னால் நெட்வொர்க் பக்கத்து ஃபைலைத்தான் நான் முதலில் திறப்பேன்.

பையனுக்கு மூன்று விஷயம், உங்கள் காண்ட்ராக்ட்டில் உடனே பாருங்கள்.

நல்லிஃபையரை அப்படியே 256 பிட் எண்ணாக வாங்கி, வந்ததா வரவில்லையா என்று மேப்பிங்கில் (காண்ட்ராக்ட் வைத்திருக்கும் பட்டியல்) பார்க்கிறீர்களா? சர்க்யூட் கணக்குப் போடும் ஃபீல்டின் (ஒரு பகா எண்ணை எட்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் எண் தொகுதி) அளவு 254 பிட். சர்க்யூட்டைப் பொறுத்தவரை ஒரு எண்ணும், அதோடு ஃபீல்டின் பகா எண்ணைக் கூட்டினால் வரும் எண்ணும் ஒன்றுதான். ஆனால் மேப்பிங்குக்கு இரண்டும் வேறு வேறு. 256 பிட்டுக்குள் ஒரே நல்லிஃபையரைக் குறைந்தது 5 விதமாக எழுதலாம். ஒருவரே ஐந்து ஓட்டுப் போடுவார், ஐந்து ப்ரூஃப்பும் செல்லும். தானாக உருவாகும் வெரிஃபையர் (சரிபார்ப்பு) காண்ட்ராக்ட்டில் இப்போதெல்லாம் இந்தச் சோதனை சேர்ந்தே வருகிறது, கேஸ் மிச்சம் பிடிக்க யாராவது கையால் வெட்டியிருந்தால் போச்சு.

அடுத்தது, க்ரோத்16 ப்ரூஃப்பை ரகசியம் தெரியாத மூன்றாம் ஆளும் வேறு உருவத்துக்கு மாற்றலாம், அதே கூற்றுக்கு அதுவும் செல்லும். அதனால் ப்ரூஃப்பின் ஹாஷை வைத்து "ஏற்கெனவே வந்தது" என்று முடிவு செய்யாதீர்கள், நல்லிஃபையரை மட்டும் நம்புங்கள்.

அப்புறம் ஓட்டு. அது சர்க்யூட்டுக்குள் பொது உள்ளீடாக வந்து, ஏதாவது ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்டில் (சர்க்யூட்டின் சமன்பாடு) உண்மையாகவே கலந்துகொள்ள வேண்டும். ஓட்டை ஒரு தடவை வர்க்கம் எடுத்து வைத்தால் போதும். இல்லையென்றால் நடுவில் ப்ரூஃப்பைக் கைப்பற்றும் ஆள் 2-ஐ 3 ஆக்கி அனுப்புவார்.

பெருங்குடி_பையன் | ஞாயிறு, காலை 11:40

அண்ணா, முதலில் சொன்ன சோதனை எங்களிடம் இருக்கிறது, கடைசியாகச் சொன்னது இல்லை! ஓட்டு தனியாகத்தான் போகிறது. இப்போதே கைவைக்கிறேன்.

இரவுப்பணி_ஓஎம்ஆர் | ஞாயிறு, மதியம் 2:25

இதுவரை எல்லாரும் நோடுக்கு நாம் எதைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று பேசினீர்கள். நோடு நமக்குக் கொடுப்பதை நம்பலாமா என்பது இன்னொரு பாதி. அதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ப்ராஜெக்ட். எத்தீரியத்தில் ஒரு குறிப்பிட்ட ப்ளாக்கில் ஒரு முகவரியில் இத்தனை டோக்கன் இருந்தது என்று முகவரியைச் சொல்லாமல் நிரூபிக்க வேண்டும். ஆர்பிசி நோடிடம் (வெளியிலிருந்து கேட்பதற்குப் பதில் தரும் நோடு) கெட்ப்ரூஃப் என்ற அழைப்பைப் போட்டால், டோக்கன் காண்ட்ராக்ட்டின் கணக்குக்கும், அதில் அந்த முகவரிக்கு உரிய ஸ்டோரேஜ் கட்டத்துக்கும் உள்ள மெர்க்கிள் பாதையைக் கொடுத்துவிடும். நோடு பொய் சொன்னால்? சொல்லட்டும். சர்க்யூட்டுக்குள் அந்தப் பாதையை ஹாஷ் ஹாஷாக ஏற்றி ஸ்டேட் ரூட்டுக்கு (எல்லாக் கணக்குகளும் சேர்ந்த மரத்தின் ரூட்) வந்து, அங்கிருந்து ப்ளாக் ஹாஷுக்கு வந்து, அந்த ப்ளாக் ஹாஷைப் பொது உள்ளீடாக வெளியே விட்டுவிடுகிறோம். காண்ட்ராக்ட் அதைத் தன்னிடம் உள்ள ப்ளாக் ஹாஷோடு ஒப்பிடும். ஒரு பிட் மாறியிருந்தாலும் ஒப்பீடு தவறிவிடும். நோடால் அதிகபட்சம் பதில் தராமல் இருக்க முடியும், ஏமாற்ற முடியாது. இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. என்ன, எத்தீரியம் பயன்படுத்துவது கெச்சாக் என்ற ஹாஷ் முறை என்பதால் சர்க்யூட்டுக்குள் ஒரு ஹாஷுக்கே ஒன்றரை லட்சம் கன்ஸ்ட்ரெயின்ட் பக்கம் ஆகிறது, சர்க்யூட்டுக்கென்றே செய்த பொசைடன் ஹாஷ் என்றால் சில நூறில் முடிந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்ட்டில் எல்லாம் ஓடியது. ஒரு நாள் ராத்திரி நிஜமாக ஓட்டியபோது காண்ட்ராக்ட் திருப்பி அடித்தது. மறுபடி, மறுபடி. இரண்டு ராத்திரி சர்க்யூட்டை வரி வரியாகப் பார்த்தோம், ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்குத் தரமணி ரோட்டில் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது கூட வேலை பார்த்த பெண்தான் கேட்டாள், "இப்போதெல்லாம் ப்ரூஃப் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது?" ஜிபியு மெஷினை வேறு டீமோடு பகிர்ந்துகொண்டதில் அந்த வாரம் 70 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காண்ட்ராக்ட்டால் கடைசி 256 ப்ளாக்கின் ஹாஷை மட்டும்தான் கேட்டுப் பெற முடிந்தது. 12 நொடிக்கு ஒரு ப்ளாக், 256 ப்ளாக் என்றால் 51 நிமிடம். அதற்கு மேல் போனால் கிடைப்பது வெறும் பூஜ்யம். எங்கள் ப்ரூஃப் முழுக்கச் சரி, அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஹாஷ்தான் அங்கே இல்லை.

அதோடு விட்டதா? பாதையைத் திரும்ப எடுக்கலாம் என்று அதே ப்ளாக்குக்குக் கேட்டால் நோடு "மிஸ்ஸிங் ட்ரை நோட்" என்றது. கெத் என்ற மென்பொருளில் ஓடும் சாதாரண நோடு கடைசி 128 ப்ளாக் அளவுக்குத்தான் பழைய ஸ்டேட்டைக் கையில் வைத்திருக்கும், 25 நிமிடக் கதை. பழையதையெல்லாம் வைத்திருக்கும் ஆர்க்கைவ் நோடுக்கு மாறினோம், தொடங்கும்போதே எல்லாப் பாதையையும் வாங்கி டிஸ்க்கில் வைத்துக்கொண்டோம். 2025 மே 7 பெக்ட்ரா மேம்படுத்தலுக்குப் பிறகு 8,191 ப்ளாக் வரைக்கும் ஹாஷ் ஒரு சிஸ்டம் காண்ட்ராக்ட்டில் கிடைக்கிறது, 27 மணி நேரம். அன்றைக்கு இது இருந்திருந்தால் இரண்டு ராத்திரி தூங்கியிருப்போம்.

அப்புறம், இதிலும் பையனுடைய லாக் பிரச்சினை அப்படியே உண்டு. முகவரியை மறைக்கத்தான் ப்ரூஃப், ஆனால் கெட்ப்ரூஃப் அழைப்பில் அந்த முகவரியை ஹாஷ் செய்து கிடைக்கும் ஸ்டோரேஜ் கட்டத்தின் எண்ணை எழுதித்தான் கேட்க வேண்டும், தெரிந்த முகவரிகளை ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து பார்த்தால் அது யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். எங்கள் ஆர்பிசி நிறுவனம் நினைத்திருந்தால் எல்லாம் தெரிந்துகொண்டிருக்கும். அதை அந்த ப்ராஜெக்ட்டில் ஒருவர்கூட எழுப்பவில்லை, நானும் எழுப்பவில்லை.

மயிலை_மாடவீதி | ஞாயிறு, மாலை 4:10

நிறையப் பரிவர்த்தனைகளை வெளியே நடத்தி, செயினில் சுருக்கமாகப் பதிவு செய்யும் இந்த ரோலப் என்கிறார்களே, அதிலும் ப்ரூஃப் இருக்கிறது. அங்கே நோடுக்கு என்ன போகிறது? அங்கேயும் எல்லாம் மறைவா?

தரமணி_கணக்கு | ஞாயிறு, மாலை 5:35

பெயர்தான் சார் இசட்கே (ஜீரோ நாலெட்ஜ்) ரோலப். பெரும்பாலானவற்றில் மறைப்பது எதுவும் இல்லை, கணக்கைச் சுருக்கிக் காட்டுவதற்குத்தான் ப்ரூஃப். சொல்லப்போனால் அங்கே கவலையே நேர்மாறானது. ஆயிரம் பரிவர்த்தனை சரியாக நடந்தது என்று ஒரு ப்ரூஃப் சொல்லிவிடும், ஆனால் யாரிடம் எவ்வளவு மிச்சம் என்ற விவரத்தை ரோலப் நடத்துபவர் வெளியிடாவிட்டால், அவர் கடையைச் சாத்திய நாளில் உங்கள் பணத்தை எடுக்க நீங்கள் எதை வைத்து மெர்க்கிள் பாதை கட்டுவீர்கள்? கணக்குச் சரி, நோட்டுப் புத்தகம் பூட்டிக் கிடக்கிறது.

அதற்காகத்தான் 2024 மார்ச் 13 டென்கன் மேம்படுத்தலில் ப்ளாப் என்ற டேட்டாப் பொதி வந்தது. ஒரு ப்ளாப் 4,096 உறுப்பு, ஒவ்வொன்றும் 32 பைட், ஆக 128 கேபி. அது காண்ட்ராக்ட்டுக்குள் போகாது. காண்ட்ராக்ட் பார்ப்பது அதன் கமிட்மென்ட்டின் ஹாஷை மட்டும். உள்ளடக்கம் நோடுகளிடம் சுமார் 18 நாள் இருக்கும், பிறகு அழித்துக்கொள்ளலாம். அது நோடுகளுக்கு இடையே நகரும் விதமும் வேறு. சாதாரண டிரான்ஸாக்ஷன் என்றால் ஒரு நோடு தன் கூட்டாளிகளில் சிலருக்கு முழுசாகவே தள்ளிவிடும், மற்றவர்களுக்கு ஹாஷை மட்டும் சொல்லும். ப்ளாப் டிரான்ஸாக்ஷனை யாருக்கும் கேட்காமல் தள்ளக்கூடாது. என்னிடம் இருக்கிறது என்று அறிவிக்க வேண்டும், வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்வார். அவ்வளவு பெரிய பொதியைக் கேட்காதவர் தலையிலும் இறக்கினால் நெட்வொர்க் தாங்காது.

நங்கநல்லூர்_நோடு | ஞாயிறு, இரவு 8:15

பையன், முழுப் பட்டியலைக் கொடுத்தாச்சு என்றால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பட்டியலை இறக்க லாகின் கேட்கிறீர்களா? சி பிளாக் 147 லாகின் செய்து 7:42:10-க்குப் பட்டியல் வாங்கி, 7:42:31-க்கு ஒரு ப்ரூஃப் வந்தால் இலை எண் தேவையே இல்லை, நேரமே சொல்லிவிடும். பட்டியலை லாகின் இல்லாமல் ஒரு பொதுப் பக்கத்தில் போடுங்கள். ப்ரூஃப் தயாரானதும் உடனே அனுப்ப வேண்டாம், போனே ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு சமயத்தில் அனுப்பட்டும். ப்ரூஃப்பை வாங்கி உங்கள் சார்பில் செயினில் ஏற்றும் சர்வரான ரிலேயும் வந்தவுடன் ஏற்றாமல் ஐம்பது சேர்ந்ததும் வரிசையைக் கலைத்து ஏற்றட்டும். ரிலே எதற்கு என்றால், வீட்டுக்காரர் தன் வாலட்டிலிருந்தே கேஸ் கட்டினால் அந்த வாலட் முகவரியே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஆடிட் தம்பி சொன்னபடி ஓட்டு சர்க்யூட்டுக்குள் கட்டுண்டிருந்தால் ரிலேவால் ஓட்டை மாற்ற முடியாது, போடாமல் வைத்துக்கொள்ளத்தான் முடியும். அதற்கு இரண்டு ரிலே இருந்தால் போதும்.

வீட்டு வைஃபையிலிருந்து வந்தால் ஐபி அந்த ஒரு வீட்டுடையது. மொபைல் டேட்டாவில் ஒரே ஐபியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் கொஞ்சம் மேல். கிளப் ஹவுஸ் வைஃபையில் எல்லாரும் ஒன்றாகத் தெரிவார்கள், உங்கள் அளவுக்கு அது நல்ல வழி.

ஆடிட்_அம்பத்தூர் | ஞாயிறு, இரவு 9:02

ரூட்டையும் மறக்காதீர்கள். சர்வர் ஆளுக்கொரு பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு போலி இலையைச் செருகினால் ரூட் ஆளுக்கு ஆள் மாறும். ரூட் பொது உள்ளீடு. எந்த ரூட்டோடு ப்ரூஃப் வந்தது என்று பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதனால் பிரௌசர் தானே கட்டிய ரூட்டை, உங்கள் சர்வர் வழியாக இல்லாமல், வேறு இரண்டு ஆர்பிசி நோடுகளிடம் காண்ட்ராக்ட்டில் உள்ள ரூட்டைக் கேட்டு ஒப்பிட வேண்டும். பொருந்தவில்லை என்றால் ப்ரூஃப்பே எடுக்கக்கூடாது.

நடுவில் புது வீடு சேர்ந்தால் ரூட் மாறி, பாதி வழியில் இருக்கும் ப்ரூஃப் செல்லாமல் போகும் என்று பலர் கடைசிச் சில ரூட்களை ஏற்றுக்கொள்ளும்படி வைப்பார்கள். காசு போன தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் காண்ட்ராக்ட் அப்படித்தான் கடைசி 30-ஐ வைத்திருந்தது. உங்களுக்கு அது வேண்டாம். பழைய ரூட்டோடு வரும் ப்ரூஃப், அதற்குப் பிறகு சேர்ந்தவர் யாரும் இதைப் போடவில்லை என்று சொல்லிவிடும். 312-ல் அதுவே நிறைய.

பெருங்குடி_பையன் | செவ்வாய், இரவு 10:48

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாளாக மாற்றியது இது: இலைப் பட்டியல் இப்போது லாகின் இல்லாத பொதுப் பக்கத்தில், ஒரே ஃபைலாக. பதிவை வெள்ளிக்கிழமை இரவே மூடி, ரூட்டை ஒரே தடவை ஏற்றிவிடுகிறோம், அப்புறம் மாறாது. ரூட்டை இரண்டு வெளி நோடுகளிடம் ஒப்பிடுகிறது. ஓட்டு சர்க்யூட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு ரிலே எங்களிடம், இன்னொன்றை நங்கநல்லூர் அண்ணா தன் வீட்டில் நடத்தித் தருவதாகத் தனிச் செய்தியில் சொல்லியிருக்கிறார்.

இன்று சாயங்காலம் 11 பேரைக் கிளப் ஹவுஸில் உட்கார வைத்து மறுபடி டெஸ்ட் செய்தோம். சின்ன டெஸ்ட் என்பதால் 11 சேர்ந்ததும் ஏற்றும்படி வைத்தோம். பட்டியல் ஃபைலை இறக்கியதாக 11 வரி, எல்லாவற்றிலும் 9,984 பைட், எல்லாவற்றிலும் கிளப் ஹவுஸ் ஐபி. ஒன்றரை மணி நேரம் கழித்து ரிலே மொத்தமாக 11 ப்ரூஃப் ஏற்றியது. அத்தையும் அதில் ஒருவர். லாகை மூன்று தடவை மேலும் கீழும் பார்த்தேன், அவருடையது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தேர்தல் ஞாயிறு காலை 10 மணிக்கு. கரண்ட் போனால் கிளப் ஹவுஸ் ரௌட்டருக்கு யுபிஎஸ் இல்லை, அதை மட்டும் நாளைக்குப் போய் வாங்க வேண்டும்.